மருந்து தொடும் கைகளும் கஞ்சாவும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ‘மருந்து’ என்றால் மாத்திரையோ டானிக்கோ நினைவுக்கு வராது. பட்டாசுக்குள் அடைக்கிற வெடிமருந்துதான் வரும். வேலைக்கு வருகிறவர் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் ஆலை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கலவை அறையில் அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் ஒன்றுசேர்ந்த பிறகு, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே பற்றிக்கொள்ளும். சல்லடையை எவ்வளவு மெதுவாக ஆட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் விரல்நுனிக்குத் தெரிந்த வித்தை. சிந்திய மருந்தை அப்போதே துடைத்து எடுக்கிற கவனம்தான் அங்கே உயிரைக் காக்கிறது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதத்தை இந்த அறையின் வாசலில் நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன். உருகுவே 2013-இலும் கனடா 2018-இலும் அனுமதித்தன. ஜெர்மனி 2024-இல் அளவோடு அனுமதித்தது. ‘அங்கெல்லாம் விட்டாயிற்றே, இங்கே மட்டும் என்ன?’ என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ‘செடியே விஷம்’ என்று வாயடைப்பது அதற்குப் பதில் ஆகாது.

கஞ்சாவில் போதை தருகிற பொருளான டி.எச்.சி.யை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். நம் மூளையே அதுபோன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது 1992-இல் தெரிந்தது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் ‘ஆனந்தம்’தான் அந்தப் பெயரில் இருக்கிறது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்போது, வாங்குகிற அணு ‘போதும், நிறுத்து’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் ஆனந்தமைடு போன்ற பொருட்கள். தேவையான இடத்தில், தேவையான நொடியில் சுரந்து உடனே கரைந்துவிடும். டி.எச்.சி. அப்படியில்லை. மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் ‘போதும், போதும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நினைவைப் பதிகிற பகுதியிலும் கைகால் அசைவை ஒழுங்கு செய்கிற சிறுமூளையிலும் இதை ஏற்கும் வாயில்கள் நிறைய உண்டு. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. அதனால்தான் ஹெராயினைப் போலக் கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. சட்டபூர்வமாக்கச் சொல்கிறவர்கள் எடுத்துவைக்கும் இந்த உண்மையை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் சிறுமூளை தடுமாறுகிற கை, சல்லடை பிடிக்கிற கையாக இருந்தால்?

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாராயம் ஊதினால் தெரிந்துவிடும். ரத்தத்தில் இருக்கும் அளவும் தடுமாற்றமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்கும். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. உடற்கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தினமும் புகைக்கிறவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் தெரியும். போன வாரம் புகைத்தவரும் இன்று காலை புகைத்தவரும் ஒரே சோதனையில் ஒரே மாதிரி மாட்டுவார்கள். ‘சட்டபூர்வமாக்கிவிட்டு, வேலை நேரத்தில் மட்டும் சோதித்துக்கொள்ளலாம்’ என்பது வெடிமருந்து அறைக்கு உதவாத யோசனை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடித்துக் கொத்துக் கொத்தாக உயிர்கள் போயின. இந்த வட்டாரத்து வெடிவிபத்துகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள் உராய்வு, விதிமீறல், உள்குத்தகை, நெருக்கடியில் அள்ளிப்போட்ட வேலையாட்கள். கஞ்சாவைச் சாக்காக வைத்துத் தொழிலாளி தலையில் பழியைப் போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது வயது. மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987-இல் வந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. புகைக்கிற எல்லாருக்கும் அந்த நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதுவும் இப்போது பாங்காக்கிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா, வீரியத்துக்காகவே கட்டடத்துக்குள் வளர்க்கப்படுவது. 2022-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்திய தாய்லாந்தே 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பிவிட்டது.

நமக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1893-இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சாச் செடிப் போதைப்பொருள் ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டது. அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூக்கதிரைக் கஞ்சா என்று தடுத்து, தனி இலையான பாங்கை விட்டுவைத்தது. பிசினும் டி.எச்.சி.யும் பூவில்தான் செறிந்திருக்கின்றன என்பதால் தாவரவியல்படி அந்தப் பிரிவினை சரியானதே.

வரி போட்டுக் கட்டுப்படுத்துவது என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக்தான் நடத்துகிறது. ஆண்டு வருமானம் 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த வருமானம் இல்லாமல் பட்ஜெட் போட முடியாத நிலைக்கு அரசு வந்த பிறகு, கடையைக் குறைப்பது எவ்வளவு கடினம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூலி வாங்கிய சனிக்கிழமை மாலையில் அது வீடுகளுக்கு என்ன செய்கிறது என்று ஆலங்குளத்துப் பெண்களைக் கேட்டால் போதும். கஞ்சாவுக்கும் அப்படியொரு கல்லாப்பெட்டி திறப்பதை நான் ஏற்கவில்லை.

அதற்காக, ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையன் சிறைக்குப் போய்த் தேறி வருவான் என்றும் நான் நம்பவில்லை. ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’ என்கிற சட்டமே அதற்கு ஓராண்டுவரை தண்டனையும் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிக்கிற அடிமையாளருக்குச் சிறு அளவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பிடிபட்ட பிள்ளையின் பெற்றோரிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. ஆலை நடத்துகிறவர்களே, ‘தீப்பெட்டி கொண்டுவராதே’ என்ற பலகைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள்.