கல்லில் கிடைத்த தலைப்பிரட்டை

குளத்தில் வாலாட்டி நெளியும் தலைப்பிரட்டையை நாமெல்லாம் சிறுவயதிலேயே பிடித்து விளையாடியிருக்கிறோம். ஆதித் தவளைகளும் இப்படித்தான் வளர்ந்தனவா? 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தவளை எலும்புகள் கிடைத்தும், அக்காலத் தலைப்பிரட்டை அகப்படவில்லை. மெல்லிய உடலல்லவா? கல்லாகும் முன்பே அழுகிவிடும். ஆகவே, ஆதியில் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவந்திருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது.

2020இல் அர்ஜென்டினாவின் சாந்தா குரூஸ் மாநிலத்தில் டைனோசர் எலும்பு தேடியவர்கள் ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். அதில் 16 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தலைப்பிரட்டை! நீளம் 16 சென்டிமீட்டர், ஏறக்குறைய முக்கால் சாண். தவளையாக மாறும் தறுவாயில் மாண்டிருக்கிறது. கண்ணும் நரம்பும்கூடக் கறையாகப் பதிந்திருந்தன. செவுளைத் தாங்கிய சட்டகமோ, இன்றைய தலைப்பிரட்டைகளைப் போலவே அதுவும் நீரை வடிகட்டி இரையுண்டதைக் காட்டிற்று. 'நோட்டோபட்ராக்கஸ்' என்னும் அவ்வினத்தில் வளர்ந்த தவளையும் பெரியதே.