தொப்பியில் வானொலி, கடையில் இரட்டைக் குவளை!

1996ஆம் ஆண்டு இணையம் இடிந்து விழும்!

சொன்னவர் தெருமுனைச் சோதிடர் அல்ல, தோழர்களே! கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையைக் கண்டவர்களில் ஒருவரான இராபர்ட் மெட்காஃப். 1995இல் எழுதினார், பொய்த்தால் எழுதியதைத் தின்பேன் என்றார். பொய்த்தது! 1997இல், கூடியிருந்தோர் கண்முன்னே, அந்தத் தாளை நீர்விட்டு அரைத்துக் கூழாக்கி உட்கொண்டார். சொன்ன சொல் காத்த மனிதர்! நம் பஞ்சாங்கக்காரர்களும் பொய்த்ததற்கெல்லாம் தாள் தின்னத் தொடங்கினால், நாட்டில் காகிதம் மிஞ்சுமா?

துறை தெரிந்த மேதை தவறவிட்டதை, ஈரோட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். சில ஆண்டுகளே பள்ளி சென்ற பெரியார், 1940களில் 'இனிவரும் உலகம்' என்ற சிறு நூலில் என்ன சொன்னார்? ஒவ்வொருவர் தொப்பியிலும் வானொலி இருக்கும். முகம் பார்த்துப் பேசும் கருவி மலிவாகும். ஓரிடத்தில் இருந்தபடியே பல இடத்தாருக்குப் பாடம் சொல்லலாம் என்றார். இந்தியாவில் தொலைக்காட்சியே 1959இல்தான் எட்டிப் பார்த்தது!

இன்று அறந்தாங்கித் தாய் சிங்கப்பூரில் உழைக்கும் மகனின் முகம் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்கிறாள். தொப்பிக்குப் பதில் சட்டைப்பை, அவ்வளவுதான் வேறுபாடு!

அரசர்கள் இருக்கமாட்டார்கள் என்றும் அதே நூல் சொன்னது. அப்போது நம் புதுக்கோட்டையில் தொண்டைமான் ஆட்சி. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, மகுடம் போயிற்று.

பாடம்? 2020இல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது பாடம் கைபேசிக்கு வந்தது. வீட்டில் பிள்ளை மூன்று, கைபேசி ஒன்று. அதையும் தகப்பன் வேலைக்கு எடுத்துப்போனால் எந்தப் பிள்ளை படிக்கும்? கருவி வரும் என்று கண்டவர், ஒருவர் உழைப்பில் மற்றவர் வாழாத உலகத்தையும் சேர்த்தே கண்டார். அந்தப் பாதியை யாரும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.

1996இல் அமெரிக்கர் ஜான் பெர்ரி பார்லோ இணையத்துக்கு விடுதலைச் சாற்றுரை எழுதினார். இனம், செல்வம், பிறப்பு எதையும் கேட்காமல் எவரும் நுழையலாம் என்றார். நுழைந்தோம்! 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து அமர்ந்த நெடுவாசல் உழவர் குரலைக் கைபேசி நாடெங்கும் கொண்டுசென்றது. மறுப்பாரில்லை.

ஆனால் சாதியும் நுழைந்ததே! மணமகன் தேடும் தளத்தில் சாதிக்கொரு கட்டம். சாதிப் பெருமைக்கு நாளுக்கொரு படம்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவிடம் மக்கள் மேலும் சொன்னார்கள்: இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் அனுமதி இல்லை. கைபேசி எட்டாத ஊரா அது? 27ஆம் நாள் ஆட்சியரே நடந்துபோய் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். குவளைக்கு வழக்குப் பதிவாயிற்று.