உங்களுக்குத் தெரியுமா? – டைவர் கையில் இருக்கும் பராமரிப்பு

புதுச்சேரி, அந்தமான், திருகோணமலை என்று ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளும் இடங்கள் பெருகிவிட்டன. கற்றவர்களில் பலர் சொந்தமாகவே மூச்சுக் கருவியான ரெகுலேட்டரும், ஊதினால் மிதக்க உதவும் சட்டையான பிசிடியும் வாங்குகிறார்கள். வாடகைக் கருவி என்றால் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். சொந்தக் கருவிக்கு நாம்தான் பொறுப்பு. நல்ல வேளையாக, பெரும்பாலான கோளாறுகள் கரையிலேயே கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்துவிடும்.

● ரெகுலேட்டரின் முன்னோடி காருக்காகச் செய்யப்பட்ட ஒரு வால்வு! இரண்டாம் உலகப் போரின்போது பிரான்ஸில் பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் காஞ்ஞான் என்ற பொறியாளர் ஒரு வால்வை உருவாக்கியிருந்தார். அவரும் கடற்படை அதிகாரி ழாக் குஸ்தோவும் அதை மாற்றியமைத்து 1943இல் தண்ணீருக்கடியில் மூச்சு விடப் பயன்படுத்தினார்கள். இன்றைய ரெகுலேட்டரும் அதே வழிதான். சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை முதல் நிலை சுமார் 10 பாராக இறக்கும். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் நிலை அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குக் கொண்டுவரும்.

● டைவ் முடிந்ததும் ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊறவைக்கும்போது இரண்டாம் நிலையில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்தக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சிலிண்டரிலிருந்து கழற்றிய ரெகுலேட்டரில் அந்தப் பட்டனை அழுத்தினால் உள் வால்வு திறந்துகொள்ளும். தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் நிலை வரை ஏறிவிடும். முதல் நிலையின் மூடியை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இறுக மாட்டிய பிறகே தண்ணீரில் போட வேண்டும். மேலோட்டமாகக் குழாயடியில் காட்டினால் போதாது. உப்பு காய்ந்து படிகமாவதற்கு முன்பே, ஈரம் இருக்கும்போதே ஊறவைப்பதுதான் முறை.

● முதல் நிலைக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு சிறு உலோக வடிகட்டி இருக்கிறது. அதன் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பித்தளைச் செம்பில் களிம்பு ஏறியதுபோலப் பச்சையாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் எஃகு சிலிண்டருக்குள் துரு. எந்த நிறமாற்றம் தெரிந்தாலும் ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுங்கள். சிலிண்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

● வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. சிலிண்டரில் மாட்டாமல், முதல் நிலையின் மூடியை இறுக்கிவிட்டு, மவுத்பீஸை வாயில் வைத்து மெல்லக் காற்றை உறிஞ்சுங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். அந்த வெற்றிடம் சில நொடிகள் அப்படியே நிற்க வேண்டும். தொடர்ந்து காற்று கசிந்து வந்தால், அந்த வழியாகவே கடலில் தண்ணீர் வரும். முதலில் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மவுத்பீஸில் பல் பதிந்து கிழிந்த ஓட்டை இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் டேக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு வெளியேறும் இடத்தில் காளான் குடைபோல மெல்லிய சிலிகான் வால்வு ஒன்று உண்டு. அதன் விளிம்பில் ஒரு மணல் துணுக்கோ ஒரு தலைமுடியோ சிக்கியிருந்தாலே போதும், ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத் தண்ணீர் வாய்க்குள் வரும்.

● சிலிண்டர் வால்வைத் திறந்ததும் பிரஷர் கேஜைப் பார்த்து ‘200 இருக்கிறது’ என்று திருப்தியடைவது போதாது. கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். மேலே சமாளிக்கலாம், ஆழத்தில் காற்று போதாது.

● ஹோஸ் முனைகளில் போட்டிருக்கும் ரப்பர் உறை ஹோஸைக் காக்கத்தான். ஆனால் வெடிப்பை மறைப்பதும் அதுதான். உறையைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள்.

● அலுமினியம் 80 எனப்படும் சாதாரண சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர்தான். 207 பாரில் அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. இவ்வளவு ஆற்றலைச் சுமக்கும் பாத்திரத்தை அமெரிக்க விதிப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்கிறார்கள். 207 பார் சிலிண்டரை சுமார் 345 பார் வரை ஏற்றுவார்கள். காற்றால் அல்ல, தண்ணீரால். தண்ணீர் அதிகம் சுருங்காது. அதனால் சிலிண்டர் விட்டுக்கொடுத்தாலும் பெரிதாக வெடிக்காது. அழுத்தத்தில் உப்பிய சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் அந்த சிலிண்டர் தள்ளுபடி. சோதனை செய்த மாதமும் ஆண்டும் சிலிண்டரின் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சிலிண்டரை விலை பேசும் முன் அதைப் படியுங்கள். 6351 என்ற பழைய அலுமினியக் கலவை என்றால் கூடுதல் கவனம் தேவை: அதில் கழுத்துப் பகுதி விரிசல் விடுவது தெரியவந்த பிறகு தயாரிப்பாளர்கள் 6061 கலவைக்கு மாறிவிட்டார்கள்.

● அலுமினிய சிலிண்டரைப் புதுசுபோல ஆக்குகிறேன் என்று சூட்டடுப்பில் வைக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உலோகத்தின் பலமே போய்விடும். வெளியே பளபளப்பு, உள்ளே ஆபத்து.

● எஃகு சிலிண்டருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடித்தால், அந்தத் துரு உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் கிடந்த சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது என்பதற்காக அப்படியே எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். அதே சமயம் சுத்தமாகக் காலி செய்தும் வைக்காதீர்கள். 20 பார் அளவுக்காவது விட்டுவைத்தால்தான் வெளி ஈரம் உள்ளே நுழையாது.

● வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை வைத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் சுமார் 0.6 பார் கூடும். கடலில் இறங்கியதும் அதே கணக்கில் குறையும்.

● பிசிடியை நன்றாக ஊதி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வெளிப்பக்கம் மட்டும் கழுவினால் போதாது. உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் படிகம் உள் பையை அறுக்கும். எனக்கு அதிகம் பயம் தருவது காற்று நிரப்பும் பட்டன்தான். அதில் உப்புப் பூத்து, அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொண்டால் பிசிடி தானாக ஊதிக்கொண்டே போகும். டைவர் கட்டுப்பாடில்லாமல் மேலே தள்ளப்படுவார். நுரையீரல் கிழிய அது போதும். பட்டனைச் சுற்றி வெள்ளை படிந்திருந்தாலோ அமுங்கி மெதுவாக எழுந்தாலோ அன்று டைவ் வேண்டாம். பிசிடிக்குக் காற்று தரும் ஹோஸை அந்தக் கணமே கழற்றிவிடவும் கரையில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

● சில ரூபாயே விலையுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அமெரிக்காவில் 1939இல் காப்புரிமை கிடைத்தது. வாங்கியவர் டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1986இல் சேலஞ்சர் விண்கலம் 7 பேருடன் அழிந்ததற்குக் காரணமும் குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங்தான். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வாயில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள். வெட்டு, தட்டை, வறட்சி இருந்தால் மாற்றுங்கள். ஊசியால் நெம்ப வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழும். வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவவே கூடாது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், செறிந்த ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீயே பிடிக்கும்.

● புது மாஸ்க் பனி பிடிப்பதற்குக் காரணம் தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த மெல்லிய படலம். சாதாரண வெள்ளைப் பற்பசையால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் போகும். வெட்சூட்டை நிழலில் அகலமான ஹேங்கரில் உலர்த்துங்கள்.

● ரெகுலேட்டரின் உட்பாகங்களையும் சிலிண்டர் வால்வையும் நீங்களே பிரிக்காதீர்கள். அதற்குப் பயிற்சியும் தனிக் கருவிகளும் வேண்டும். பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கின்றன; உங்கள் கருவிக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டரை நேரே ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்து, முதல் டைவை நீச்சல் குளத்திலோ நின்றால் தலை வெளியே தெரியும் ஆழத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.