கேரவனில் ஏசி போட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்தா? டூர் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் வடகரையில் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரமாகியும் வண்டி நகரவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தனர்.

பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை நடத்தினார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு வாயு வண்டிக்குள் புகுந்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று தெரியவந்தது.

கேரவன் என்றால் ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களின் வண்டி. இப்போது அப்படி இல்லை. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் குடும்பமாக வாடகைக்கு எடுத்துப் போகிறார்கள். சிலர் பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் வைத்துத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். வீடும் வண்டியும் ஒன்றாக ஓடும்போது, வீட்டில் வரும் ரிப்பேரும் வண்டியில் வரும் ரிப்பேரும் சேர்ந்தே வரும். அதில் எது வெறும் தொல்லை, எது உயிருக்கே ஆபத்து?

ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஏன் ஓடுகிறது?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டால் போதும். கேரவனின் லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் மொத்தம் சுமார் 1,800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது 900. ஒரு டன் ஏசி ஓட மணிக்கு ஏறத்தாழ 1,000 வாட்-மணி வேண்டும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அதனால்தான் ஜெனரேட்டர். அல்லது வண்டி இன்ஜினையே ஓடவிட்டு ஏசி போடுவார்கள். ‘கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு அப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம்’ என்று படுப்பதில்தான் சிக்கலே.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. விழித்திருப்பவர் ‘டிராவல் பண்ணின களைப்பு’ என்று நினைத்துக்கொள்வார். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, மயக்கம் அப்படியே மரணமாக முடியலாம்.

ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தால் போதாதா? போதாது. புகைக்குழாய் இருக்கும் பக்கம் காற்று அடித்தால், திறந்த ஜன்னல் வழியாகவே புகை உள்ளே வரும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தினாலும், பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றாலும் புகை வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே தேங்கும். தரையில் வயருக்காகவோ பைப்புக்காகவோ போட்ட ஒரு ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தால், அதன் வழியாக ஏறும்.

ஆகவே கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஜெனரேட்டர் சைலன்சர் இணைப்புகளில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு. சத்தம் திடீரென்று மாறியிருந்தாலும் அதே சந்தேகம்தான். புகைக்குழாயின் முனை வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தூங்கும்போது ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடவே கூடாது. மின்சாரம் தரும் விடுதியிலோ கேரவன் பார்க்கிலோ வண்டியை நிறுத்தி, பிளக் செய்து ஏசி போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஃபேன்தான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். வாடகை வண்டியில் ஏறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி டிவி எத்தனை இன்ச் என்பதல்ல, இந்த அலாரம் இருக்கிறதா என்பதுதான். படுக்கையில் தலை இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் அதை மாட்ட வேண்டும். அதற்கும் காலாவதி தேதி உண்டு, பின்பக்கம் பார்க்கலாம்.

அலாரம் அடித்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி தூங்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு. எல்லோரும் முதலில் கீழே இறங்குங்கள். யாருக்காவது தலைசுற்றினால் 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. நிலைமை மோசமாக இருக்கும்போதும் அது 98, 99 என்றே காட்டும்.

கேஸ் சிலிண்டர்: இன்னொரு வகை ஆபத்து

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விதிகளை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. கேரவனும் அதுபோல் அடைத்த ஒரு பெட்டிதான். கோயில் டூர் வேனில் சீட்டுக்கு அடியில் சிலிண்டரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால்தான் முறையாகக் கட்டிய கேரவன்களில் சிலிண்டருக்குத் தனி அறை இருக்கும், அதன் தரை மட்டத்தில் வெளியே திறக்கும் ஓட்டையும் இருக்கும். ‘தண்ணி உள்ள வருது’ என்று அதைத் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். கேஸ் அலாரத்தையும் தரைக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, கேஸ் அலாரம் வேறு. ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று அர்த்தமில்லை.

வண்டி ஓடும்போது குலுக்கலில் ரெகுலேட்டரும் டியூபும் தளரும். வீட்டில் அசையாமல் இருக்கும் சிலிண்டருக்கு இந்தப் பிரச்னை இல்லை. எனவே கிளம்பும் முன் வால்வை மூடுங்கள். போய்ச் சேர்ந்ததும் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம். அது கேஸ் கசிவுக்கான அவசர எண்.

லைட் மங்குது, மோட்டார் நிக்கவே மாட்டேங்குது... என்ன பண்றது?

இவை தொல்லை ரகம். பாதிக்கு மேல் நீங்களே சரிசெய்யலாம்.

லைட் மங்கினால் மல்டிமீட்டரில் பேட்டரியைப் பாருங்கள். எதுவும் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.8-க்கு வந்துவிட்டால் காலி. வோல்டேஜ் சரியாக இருந்தும் லைட் எரியவில்லையா? டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, இறுக்கி மாட்டினால் பல சமயம் வேலை முடிந்தது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் திரும்பத் திரும்பப் போகிறதே என்று 30 போட்டாலோ, சிகரெட் பாக்கெட் ஃபாயிலைச் சுற்றினாலோ, அடுத்து உருகப்போவது வயர். வெளி மின்சாரம் எடுக்கும் எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளாக வைத்தே ஏசி ஓட்டுவதும் தப்பு. சுருளுக்குள் சூடு ஏறி பிளாஸ்டிக் உருகும். முழுக்க விரித்துப் போடுங்கள்.

குழாயை மூடிய பிறகும் தண்ணீர் மோட்டார் விட்டு விட்டு ஓடினால் எங்கேயோ கசிகிறது. நிற்காமலே ஓடினால் தொட்டி காலி, அல்லது மோட்டார் காற்றை இழுக்கிறது. காலித் தொட்டியில் ஓடவிட்டால் மோட்டார் கருகிவிடும். தண்ணீர் வரத்து குறைந்தால் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் போதும்.

மலைப்பாதையில் கேரவன்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டியை நிரப்பினால், மூன்று பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றின மாதிரி. அந்த எடையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, பிடிமானமே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான். கருகல் வாசனை வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். மலைக்குப் போகும்போது தொட்டியைக் கால்வாசி மட்டும் நிரப்பி, மேலே போய் மீதியை நிரப்பிக்கொள்ளலாம்.

டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கேரவன்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். ஓடாமலே ரப்பர் வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். காற்றைக் காலையில், கிளம்பும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு அதிகமாகத்தான் காட்டும்.

கூரையில் ஏசி யூனிட், சோலார் பேனல் எல்லாம் சேர்த்து வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, டிரைவர் கண்ணுக்கு முன்னால் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட பிறகு அளந்து பிரயோஜனமில்லை.

வழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பிரதிபலிக்கும் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். ராத்திரியில் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்காமல், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது நல்லது.

கேரவன் மெக்கானிக் என்று தனியாக யாரும் ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை. இன்ஜின், பிரேக் என்றால் எந்த கம்பெனி சேஸிஸோ அந்த சர்வீஸ் சென்டர். 12 வோல்ட் கோளாறை ஊர்ப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியனே கண்டுபிடித்துவிடுவார், மோட்டாரையும் பைப்பையும் பிளம்பர் பார்ப்பார். ஆனால் வண்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்பது கூடு கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வயரிங் படத்தையும் ஃபியூஸ் பெட்டியையும் கிளம்பும் முன்பே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.