உங்களுக்குத் தெரியுமா? – கடல் கடந்து வரும் வழக்கறிஞர்கள்

● 1771ஆம் ஆண்டு. லண்டனில் எஜமானரிடமிருந்து தப்பிய அடிமை ஜேம்ஸ் சோமர்செட் பிடிபட்டார். ஜமைக்காவில் விற்பதற்காக அவரைக் கப்பலில் விலங்கிட்டு அடைத்தார்கள். அவருக்காக நீதிமன்றப் படியேறியவர்கள், அவருடைய ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோராக நின்ற மூவர். அவர்கள் போட்ட ஆட்கொணர்வு மனுதான் அவரைக் கப்பலிலிருந்து இறக்கியது. ஐந்து வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் வாதாடினார்கள். 1772 ஜூன் 22 அன்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு அவரை விடுவித்தார்.

● அந்த வழக்குக்குப் பின்னால் நின்று உழைத்த கிரான்வில் ஷார்ப் வழக்கறிஞர் அல்ல, ஓர் அரசு அலுவலக எழுத்தர். ‘சட்டம் உங்கள் பக்கம் இல்லை’ என்று வல்லுநர்கள் கைவிரித்ததும், தானே உட்கார்ந்து சட்டம் படித்த இறைப்பற்றாளர்.

● 2021இல் உலகில் சுமார் 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கூட்டு மதிப்பீடு. ஏறத்தாழ 150 பேரில் ஒருவர்!

● கேரி ஹாகன் அமெரிக்க நீதித்துறையில் வழக்கறிஞராக இருந்தவர். 1994இல் ருவாண்டா இனப்படுகொலை பற்றிய ஐ.நா. விசாரணைக்குப் பொறுப்பேற்றுப் போனார். ஏழைகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோகப் பலர் இருக்கிறார்கள், அடிக்க ஓங்கிய கையைத் தடுக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1997இல் ‘இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்’ என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கினார். வழக்கறிஞர்கள், புலனாய்வாளர்கள், சமூகப் பணியாளர்கள் ஒன்றாக இயங்கும் அமைப்பு இது. பயணச் செலவைச் சபையாரிடமும் நண்பர்களிடமும் திரட்டிக்கொண்டு தன்னார்வப் பணிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களும் உண்டு.

● அப்படி இந்தியா வருபவர் நம் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே விருந்தாளியின் வேலை திரைக்குப் பின்னால்: தீர்ப்புகளைத் தேடுவது, ஆவணங்களை அடுக்குவது, பயிற்சிக்கு உதவுவது. கறுப்பு அங்கி உள்ளூர் வழக்கறிஞருக்கே. அதுதான் சரி என்பேன். கொத்தடிமைகளை வைத்திருக்கும் செங்கல் சூளை முதலாளியின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு அதே ஊரில் வாழப்போகிறவர் அவரல்லவா?

● பிலிப்பைன்ஸில் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர், அரசு வழக்கறிஞரின் மேற்பார்வையில் குற்ற வழக்கை நடத்த உதவலாம். செபு நகரில் இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் காவல்துறையோடு சேர்ந்து நான்காண்டு பணியாற்றியபின், பாலியல் சந்தையில் சிறார் கிடைப்பது 79 சதவீதம் குறைந்திருந்தது.

● நவீன அடிமைத்தனத்தின் இன்னொரு முகம்: கானாவின் வோல்டா ஏரியில் மூழ்கிய மரங்களில் சிக்கும் வலைகளை எடுக்கச் சிறுவர்களைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். சிலர் மேலே வருவதே இல்லை.

● இத்தகைய மீட்புப் பணிமீது விமர்சனமும் உண்டு. அதிரடி மீட்புச் சோதனைகள், விரும்பித் தொழிலில் இருக்கும் பெண்களையும் வாரிக்கொண்டு போகின்றன என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் சொல்லிவருகின்றன. காதுகொடுக்க வேண்டிய குறை இது.

● தமிழ்நாட்டுக்கு வருவோம். அரிசி ஆலையிலோ செங்கல் சூளையிலோ முன்பணம் வாங்கிய குடும்பம் பல ஆண்டுகளாகியும் கடனைத் தீர்க்க முடியாமல் அடைபட்டுக் கிடக்கும். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்கிறது. ‘இது கொத்தடிமைக் கடன் அல்ல’ என்று நிரூபிக்கும் பொறுப்பு, கடன் கொடுத்தவர் தலையில்! தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை.

● மீட்கப்பட்டவருக்கு உயிர்நாடி, அதிகாரி கையெழுத்திடும் விடுதலைச் சான்றிதழ். மத்திய அரசின் திட்டப்படி மறுவாழ்வு உதவி 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை. உடனடி உதவி முதலில் கிடைக்கும். முழுத்தொகையோ குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தடிக்கப்பட்டால் அந்தப் பணமும் தாமதமாகலாம். மீட்ட நாளோடு வழக்கறிஞரின் வேலை முடியாததற்கு இதுவே காரணம்.