வண்ணம் சேரும் முன்: திரை வடிவமைப்பின் கோட்டுப்படங்களும் அவற்றைக் கற்பிக்கும் இணைய வகுப்புகளும்

ஒரு கைப்பேசிச் செயலி மக்களின் கைக்கு வந்துசேரும்போது அதன் வண்ணமும் எழுத்துருவும் படங்களுமே முதலில் கண்ணில் படுகின்றன என்றாலும், எந்தத் திரைக்குப் பின் எந்தத் திரை வர வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஒரு வேலையை முடிக்கப் பயனர் எத்தனை முறை திரையைத் தொட வேண்டும் என்பன போன்ற முடிவுகள் அவற்றுக்கு வெகு முன்னரே, சாம்பல் நிறக் கோடுகளும் கட்டங்களும் மட்டுமே கொண்ட எளிய படங்களில் எடுக்கப்பட்டுவிடுகின்றன. இப்படங்களுக்கு வயர்ஃப்ரேம் என்று பெயர். தொட்டால் அடுத்த திரைக்குப் போகும்படி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, நிரல் ஏதும் எழுதாமலே செயலிபோல் இயங்கச் செய்யும் மாதிரியைப் புரோட்டோடைப் என்கின்றனர். பயனர் அனுபவ வடிவமைப்பு, சுருக்கமாக யூஎக்ஸ், எனப்படும் துறையில் நுழைவோர் முதலில் பழக வேண்டிய கைத்திறன்கள் இவையே. அவற்றைப் பழகப் பலரும் இன்று நாடுவது இணைய வகுப்புகளை.

பயனர் அனுபவம் என்னும் சொல்லாட்சி 1990களின் தொடக்கத்தில், ஆப்பிள் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய அறிதிறன் உளவியலாளர் டொனால்ட் நார்மன் வழியாகப் பரவியது. திரையில் தெரிவதை மட்டுமன்றி, ஒரு பொருளோடு மனிதர் கொள்ளும் தொடர்பு முழுவதையும் குறிக்கும் சொல்லாகவே அவர் அதைக் கையாண்டார். வயர்ஃப்ரேமின் பயன் இந்த விரிந்த பொருளில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஏனெனில் அழகைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வரையும் முறையில் நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குறுக்கே இரு கோடுகள் இட்ட சதுரம் படத்தைக் குறிக்கும். அடுக்கடுக்கான கிடைக்கோடுகள் பத்தியைக் குறிக்கும். முனை மழுங்கிய செவ்வகம் பொத்தான். சிறு வட்டம் பயனரின் முகப்படம். கடினம் வரைவதில் இல்லை, எதை எதற்கு முன் வைப்பது என்று முடிவு செய்வதில் இருக்கிறது. மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவுக்கு டோக்கன் எடுக்கும் செயலியை எடுத்துக்கொண்டால், புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் முதல் திரையில் எலும்பியல், நரம்பியல், தோல், பொது மருத்துவம் என்று பிரிவுகளின் பட்டியலை வைப்பார்; அடுத்து மருத்துவர், பிறகு நாள், அதற்குப் பின் நேரம், இறுதியில் உறுதிசெய்யும் திரை. காகிதத்தில் இது ஒழுங்காகவே தெரியும். ஆனால் இந்த வரிசை மருத்துவமனை தன்னை நிர்வகிக்கும் முறையைப் பின்பற்றுகிறதேயன்றி நோயாளி யோசிக்கும் முறையைப் பின்பற்றவில்லை. முழங்கால் வலியோடு வருபவருக்குத் தாம் எந்தப் பிரிவுக்குரியவர் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்காகத் தன் கைப்பேசியில் டோக்கன் எடுக்கும் மகளுக்கோ, யாருக்காக இந்தச் சீட்டு என்ற கேள்வியே எங்கும் வராததால், தன் பெயரிலேயே சீட்டு பதிவாகிவிடும். இவ்விரு குறைகளும் ஐந்து செவ்வகங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதே பிடிபடக்கூடியவை. செயலி கட்டி முடித்த பின் தெரியவந்தால் தரவுத்தளம் வரை மாற்ற வேண்டியிருக்கும்.

வயர்ஃப்ரேமில் வண்ணத்தை வேண்டுமென்றே தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. நீல நிறப் பொத்தான் ஒன்றை வரைந்து காட்டினால், பார்ப்பவர் பச்சை நன்றாக இருக்குமே என்பார். அந்தப் பொத்தான் அங்கே தேவையா என்று கேட்கமாட்டார். கடைக்கால் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளைக் குறிக்கும்போது, சமையலறை வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் தயங்காமல் சொல்வதைப்போல, கோட்டுப்படத்தின் முன் நிற்பவருக்கும் குறை சொல்லக் கூச்சம் வருவதில்லை. முடிந்ததுபோல் தோன்றும் படம் கருத்துச் சொல்ல வருவோரின் வாயை அடைத்துவிடுகிறது. இது இத்துறையில் அனுபவப்பட்டோர் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆயினும் கணினியில் பளபளப்பான படங்களை எளிதில் ஆக்கித்தரும் மென்பொருள்கள் பெருகிய இக்காலத்தில்தான் இது மிகுதியாக மறக்கப்படுகிறது.

எவ்வளவு எளிய மாதிரியும் உண்மையான ஐயத்தைத் தீர்க்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் பாம் நிறுவனத்தில் நடந்த ஒன்று பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் நிறுவனர் ஜெஃப் ஹாக்கின்ஸ், தம் குழுவின் முந்தைய கையடக்கக் கருவியான ஸூமர் 1993இல் சந்தையில் தோல்வியுற்ற பின், அடுத்த கருவி சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதன் முகப்பில் திரையின் படத்தை ஒட்டி, எழுதுகோலுக்கு மாற்றாகச் சீனர்கள் உணவுண்ணும் குச்சி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டார். கூட்டங்களில் யாராவது நாள் குறிக்கச் சொன்னால் கட்டையை எடுத்து அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்தார். எதற்கெல்லாம் கை தானாகப் பைக்குள் போகிறது, எந்தப் பணிக்கு அதை எடுக்கவே தோன்றுவதில்லை என்பதை மின்சுற்று ஒன்றும் இல்லாமலே அவரால் அறிய முடிந்தது. 1996இல் வெளிவந்த பைலட் கருவி விற்பனையில் பெருவெற்றி கண்டது. அந்த மரக்கட்டை இன்று கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுணுக்கம் குறைந்த மாதிரி என்று பாடநூல்கள் அழைப்பது இத்தகையதைத்தான். அசல் செயலியின் தோற்றத்தையும் அசைவையும் ஏறத்தாழ அப்படியே காட்டும் மாதிரி, நுணுக்கம் மிகுந்தது எனப்படும்.

மாதிரியைச் செய்வது அதை ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பதற்காகவே. காகித மாதிரியைச் சோதிக்கும்போது குழுவில் ஒருவர் கணினியாக நடிப்பார்: பயனர் வரையப்பட்ட பொத்தானை விரலால் தொட்டதும், அவர் வாய் திறக்காமல் அடுத்த தாளை எடுத்து வைப்பார். பயனர் தம் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுவார். எங்காவது அவர் தடுமாறினால் உதவக்கூடாது என்பதே கற்பவருக்கு மிகக் கடினமான பாடம்; கீழே இருக்கும் பொத்தானை அழுத்துங்கள் என்று ஒரு சொல் சொன்னால் அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் தடுமாறும்போது, எனக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை தம்பி என்று பழியைத் தம்மீதே போட்டுக்கொள்வது வழக்கமாதலால், சோதனை உங்களுக்கில்லை ஐயா, இந்தப் படத்துக்குத்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லி வைப்பது நல்லது.

எத்தனை பேரிடம் சோதிப்பது என்ற கேள்விக்கு, டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரையொன்றில் ஐந்து பேர் போதும் என்றார். சராசரியாக ஒரு பயனர் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிப்படுத்துகிறார் எனக் கொண்டால், ஐவர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்ந்துவிடுவர் என்பது அவருடைய கணக்கு. பதினைந்து பேரைத் திரட்டி ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று முறை சோதித்து இடையிடையே திருத்துவதே மேல் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பயனர்கள் ஒரே வகையினராக இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும் என்ற நிபந்தனையை, இந்த எண்ணைக் காட்டிப் பேசுவோர் பலர் விட்டுவிடுகின்றனர். டோக்கன் செயலியை நோயாளிகளும் வரவேற்பு மேசை ஊழியர்களும் பயன்படுத்துவார்களாயின், இரு சாராரிடமும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இவற்றைக் கற்பிக்கும் இணைய வகுப்புகளில் பரவலாக அறியப்பட்டது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் 2012இல் தொடங்கிய கோர்செரா தளத்தில், கூகுள் நிறுவனம் 2021இல் வெளியிட்ட யூஎக்ஸ் சான்றிதழ்ப் படிப்பு. தொடக்கத்தில் ஏழு பகுதிகளாக அமைந்த அப்படிப்பின் மூன்றாம் பகுதி வயர்ஃப்ரேமையும் நுணுக்கம் குறைந்த மாதிரிகளையும், நான்காம் பகுதி பயனர் சோதனையையும் கற்பித்தது. வண்ணமும் எழுத்துருவும் சேர்ந்த மாதிரிகள் ஐந்தாம் பகுதியில்தான் வந்தன. அழகுபடுத்தும் முன் சோதித்துவிட வேண்டும் என்ற கொள்கை பாட வரிசையிலேயே பதிந்திருந்தது எனலாம். அதன் ஆறாம் பகுதி அடோபி எக்ஸ்டி என்னும் மென்பொருளைக் கொண்டு நடத்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அடோபி நிறுவனம் அம்மென்பொருளைத் தனியாக விற்பதை நிறுத்தி, பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டது. அதில் பழகியவர்கள் கருவியை மாற்றிக்கொள்ள நேர்ந்ததேயன்றி, கற்ற முறையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சான்றிதழைவிட முறையைப் புரிந்துகொள்வதே நோக்கம் என்றால், ஐஐடிகளின் கூட்டு முயற்சியான என்பிடெல் தளத்தில் மனித-கணினி ஊடாட்டம் பற்றிய விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இப்போது மேலோங்கி நிற்கும் கருவி ஃபிக்மா. சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் இம்மென்பொருள் இணைய உலாவியிலேயே இயங்குவதால், ஒரே படத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்த முடிகிறது. ஒரு திரையிலுள்ள பொத்தானிலிருந்து அம்பு ஒன்றை இழுத்து அடுத்த திரையில் சேர்த்தால் இணைப்பு உண்டாகிவிடும். தொட்டதும் நகர வேண்டுமா, சிறிது நேரம் கழித்தா, பக்கவாட்டில் சறுக்கியா என்பதைத் தெரிவு செய்யலாம். இதன் அடிப்படைகளைப் பழக ஒரு வாரம் போதும். அதற்குள்ளேயே கற்பவருக்கு எல்லாம் வந்துவிட்டது என்ற மயக்கமும் வந்துவிடும். தமிழில் செயலி வடிவமைப்பவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வகுப்புகளில் வெற்றிடங்களை நிரப்பத் தரப்படும் பொருளற்ற இலத்தீன் வரிகளைக்கொண்டு பொத்தான்களின் அகலத்தையும் வரி இடைவெளியையும் அமைத்துவிட்டால், பிறகு தமிழை இடும்போது பொத்தானிலுள்ள சொல் இரண்டு வரிகளாக உடையும், மேல்வரியின் உகரக் குறிகள் கீழ்வரியின் இகரக் குறிகளோடு முட்டிக்கொள்ளும். வயர்ஃப்ரேம் நிலையிலேயே உண்மையான தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்ப்பதே இதற்கு வழி.

இணைய வகுப்பால் தர இயலாத ஒன்றும் இருக்கிறது. ஒப்படைப்புகளை உடன் பயில்வோரே ஒருவருக்கொருவர் மதிப்பிடும் முறை இத்தகைய படிப்புகள் பலவற்றில் உண்டு. அந்த மதிப்பீட்டாளர் பார்ப்பது கோப்பைத்தான். ஒரு மூதாட்டி அந்த மாதிரியின் மூன்றாம் திரையில் விரலை அந்தரத்தில் நிறுத்தியதை அவர் காண்பதில்லை. ஐவரிடம் சோதித்ததாக எழுதிவிட்டு ஒருவரிடமும் சோதிக்காமலே மதிப்பெண் பெறுவதும் முடியாததன்று. எனவே சோதனையைக் கற்பவரே தெருவிலும் உறவிலும் ஆள் தேடி நடத்திக்கொள்ள வேண்டும். அதைத் தட்டிக்கழிப்பவர் படிப்பை முடித்தாலும் வரைகலை மென்பொருள் ஒன்றை இயக்கத் தெரிந்தவராகவே நின்றுவிடுகிறார்.

இக்குறை வேலை தேடும்போது வெளிப்படுகிறது. வடிவமைப்பாளர் பணிக்கான நேர்காணல்களில், செய்த திட்டங்களின் தொகுப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்தத் திரை முதலில் எப்படி இருந்தது, ஏன் மாறியது என்று கேட்பது வழக்கம். ஒரே மாதிரியான வகுப்புத் திட்டங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கும் தேர்வாளருக்கு, முடிந்த திரைகளின் அழகு எதையும் புதிதாகச் சொல்லிவிடாது. பிரிவுப் பட்டியலில் தொடங்கிய டோக்கன் செயலி, யாருக்கு, என்ன தொந்தரவு என்ற இரு கேள்விகளில் தொடங்கும்படி மாறியது எந்தப் பயனர் எங்கே தடுமாறியதால் என்று, அடித்துத் திருத்திய தாள்களின் ஒளிப்படங்களோடு காட்டக்கூடியவரிடமே அவர் மேற்கொண்டு பேச விரும்புவார்.