அமிலம் மிகுந்தால் தசை கரையும்

எங்கள் பட்டர்வொர்த்தில் ஆலயத்திற்கு வரும் அன்பர்களில் சிலர் சிறுநீரக நோயுற்றவர்கள். "நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் கைகால் சூம்பிப் போகிறதே" என்று அவர்தம் வீட்டார் வருந்துவதுண்டு. இதற்குரிய காரணங்களுள் பலரும் அறியாத ஒன்றை இங்கு விளக்க விழைகிறேன்.

நம் இரத்தம் சற்றே காரத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருத்தல் வேண்டும். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் கந்தகமும் உண்டு. உடல் அப்புரதத்தைப் பயன்படுத்தும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் அதனைத் தணிக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

சிறுநீரகம் பழுதுபட்டால் அமிலம் தேங்கிப் பைகார்பனேட் குறைகிறது. நம் உயிரணுக்களில், வேண்டாத புரதத்தின்மீது 'யுபிகுவிட்டின்' என்னும் அடையாளச் சீட்டை ஒட்டி, அதை உடைத்துவிடும் ஏற்பாடு உண்டு. இதனைக் கண்டறிந்த மூவர் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அமிலம் மிகும்போது தசையில் இந்த ஏற்பாடு அளவு மீறி இயங்குகிறது. கல்லீரல் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தை ஆக்குவதும் குறைகிறது. அடுப்பெரிக்க வீட்டு உத்திரத்தையே வெட்டுவது போன்றது இது. இந்நிலையில் உணவை மட்டும் கூட்டினால் போதாது.

மருந்து உண்டா? 2009இல் வெளியான இலண்டன் ஆய்வில், 134 நோயாளிகளுள் பைகார்பனேட் மாத்திரை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் தணிந்து, உடல் ஊட்டமும் மேம்பட்டது. ஆனால், 60 வயது கடந்தவர்களிடம் நடத்தி 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பயன் தென்படவில்லை. ஆகவே, யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை சில. பைகார்பனேட் அளவு லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சமையல் சோடாவைத் தாமாகக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டலாம். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு அந்த நீரின் வழியாகவே பைகார்பனேட் சேர்கிறது. ஆதலால் தைப்பூசமே ஆனாலும் முறை நாளைத் தவறவிடலாகாது. அவர்களுக்கு வேண்டிய புரதம், சுத்திகரிப்பு தொடங்காதவருக்கு உரியதைவிடக் கூடுதல். அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டறிக.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "சாப்பிடாததால்தான் இளைத்தாய்" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் இளைப்பது உணவுக் குறைவால் மட்டும் அன்று.